பஞ்சு அறையில் ஒரு கல்யாணப் பாட்டு

மெத்தைக்கடை பாய், தான் தைத்த மெத்தையில் ஒரு நாளும் படுத்துப் பார்த்ததில்லை. காரிமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சந்தைக்குப் போகிற வழியில் அவர் கடை. அதை ஒட்டி என்னுடைய ஜெராக்ஸ் கடை. நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். அவர் பஞ்சு அடிக்கும் மிஷினை ஓட்டினால் என் கடையில் ஸ்டேப்ளர் தானாக நகரும். ஊருக்கு அவர் மெத்தைக்கடை பாய். எனக்கு அண்ணா.

மெத்தை வாங்க வருகிறவர்களை அவர் சும்மா விடமாட்டார். சந்தை நாளில் ரோட்டில் நூறு பேர் போய்க்கொண்டிருப்பார்கள். அத்தனை பேர் எதிரிலும், "படுங்க, கூச்சப்படாதீங்க, செருப்பை மட்டும் கழட்டிட்டுப் படுங்க" என்பார். தக்காளிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த மனுஷன் கடை வாசலில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்ப்பார். பாய் தலைமாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "எப்பிடி இருக்குது? இடுப்புக்கிட்ட எப்பிடி இருக்குது?" என்று வைத்தியர் மாதிரி கேட்பார். லேசாக ஒரு முனகல் வந்தால் போதும். தையலைப் பிரித்துவிடுவார்.

"நீங்களே ஒருவாட்டி படுத்துப் பாத்துட்டா இந்த வம்பே இல்லையேண்ணா" என்று ஒரு முறை கேட்டேன்.

"தெச்சவன் படுத்துப் பாக்கக் கூடாதும்மா. நம்ம கை தெச்சதுன்னா நம்ம முதுகு பொய் சொல்லும். வாங்கறவங்க முதுகுதான் சொல்லணும்."

மொரப்பூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். வீட்டுக்காரருக்குக் கல் மாதிரி வேண்டும், அந்த அம்மாவுக்குப் பூ மாதிரி வேண்டும். ரெண்டு பேரும் கடையிலேயே சண்டை. பாய் யாரையும் சமாதானம் செய்யவில்லை. ஒரே மெத்தையில் பாதியை அழுத்தமாகவும் பாதியை மெதுவாகவும் அடைத்து, நடுவில் ஒரு தையல் ஓட்டிக் கொடுத்து அனுப்பினார். "இதுக்கு மேல சண்டை வந்தா அது மெத்தையால இல்லீங்க" என்றார். அவர் குணமே இதுதான். யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவார், நம்பியபடி செய்துவிடுவார். ஊரில் இதை இளிச்சவாய்த்தனம் என்பார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன்.

அப்படிப்பட்டவர் ஐம்பதை நெருங்கும் வயதில் பாட்டு மிக்ஸிங் கற்றுக்கொள்ளப் புறப்பட்டார்.

காரணம் அவர் மகள் கல்யாணம். கிருஷ்ணகிரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குப் போய்விட்டு வந்தவர் நேரே என் கடைக்குள் நுழைந்தார். அங்கே மண்டபத்தில் மணமக்கள் பெயரை வைத்து ஒரு பாட்டுப் போட்டார்களாம். அதே பாட்டை வேறு பெயர்களோடு அவர் இன்னொரு கல்யாணத்திலும் கேட்டிருக்கிறார். ஸ்டுடியோவில் பெயரை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள்.

"அளவெடுக்காம தெச்ச மெத்தைம்மா அது. எம் பொண்ணுக்கு அது வேணாம். நானே செய்யறேன்."

"பாடறது யாருங்கண்ணா?"

"உங்க அண்ணிதான். வேற யாரு?"

அண்ணி நன்றாகப் பாடுவார். ஆனால் சமையலறையைத் தாண்டி அந்தக் குரல் வெளியே வந்ததில்லை. முதலில் மாட்டவே மாட்டேன் என்றுவிட்டார். "மண்டபத்துல ஆம்பளைங்க பக்கமும் எங்கொரலு கேக்குமே, வெக்கமா இருக்குதுங்க" என்று சொல்லிப் பார்த்தார். பாய் ஒரு மாதம் கெஞ்சினார். அண்ணி கடைசியில் சம்மதித்ததோடு நிற்காமல் பாட்டையும் தானே கட்டிவிட்டார்.

"ஊறுகா ஜாடியில ஒம்பங்கு எடுத்துவெச்சேன்
உப்புப் பாத்துச் சொல்ல ஆளில்லாம மூடிவெச்சேன்"

இதுதான் தொடக்கம். மாங்காய் வெட்டிக்கொண்டே கட்டினாராம். முதல் முறை எனக்குப் பாடிக் காட்டியபோது நான் ஜெராக்ஸ் எடுத்த தாளை எண்ணாமல் கொடுத்துவிட்டேன். எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த வாரமே அம்மாவுக்குப் போன் செய்தேன்.

பள்ளிக்கூடத்தில் மகளுக்குக் கொடுத்த பழைய லேப்டாப்தான் மூலதனம். அதில் சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தது நான். எனக்கு டைப் அடிக்கவும் ஃபாரம் நிரப்பவும் தெரியும், சங்கீதம் தெரியாது. அவருக்கு ரெண்டுமே தெரியாது. மத்தியானம் மிஷினை நிறுத்திய பிறகு கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் உட்கார்ந்து வீடியோ பார்ப்பார். வீட்டில் உருது, கடையில் தமிழ், ஓசூர் பக்கமிருந்து வருகிறவர்களோடு கன்னடம் என்று மூன்று பாஷை பேசுகிறவருக்கு வீடியோக்காரன் பேசிய இங்கிலீஷ் மட்டும் ஏறவில்லை. அவன் கை எங்கே போகிறது என்று பார்த்து அதே இடத்தில் இவரும் கையை வைப்பார். தையல் கற்றுக்கொண்டதும் இப்படிப் பார்த்துப் பார்த்துத்தானாம்.

அந்த அறைதான் அவருக்குப் பெருமை. பாட்டு மிக்ஸ் பண்ணுகிற அறையில் எதிரொலி இருக்கக்கூடாது, சுவரில் பஞ்சு ஒட்ட வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருக்கிறார்கள். இவர் அறையில் மெத்தையும் தலையணையும் கூரை வரை அடுக்கியிருக்கும். உள்ளே கூட்டிப் போய்க் கையைத் தட்டிக் காட்டுவார். சத்தம் கையை விட்டே வராத மாதிரி இருக்கும். "ஊரெல்லாம் இதுக்குத் தவம் கெடக்கறான், நமக்கு வூட்டுலயே இருக்குது பாரு" என்பார்.

அதுவே முதல் வினையானது. அந்த அறையில் எந்தச் சத்தத்தையும் பஞ்சு குடித்துவிடும். அண்ணியின் குரல் வறட்டு ரொட்டி மாதிரி இருக்கிறதே என்று இவர் எக்கோவைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். அவருக்குத் திருப்தி வந்த பிறகு பென்டிரைவில் போட்டு எதிர் டீக்கடையில் கொடுத்தார். பாட்டு ஓடி முடிந்தது. டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏம் பாய், கெணத்துல எறங்கியா பாடினாங்க?"

வேறு ஆளாக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார். பாய் ஓட்டமாக வந்து எக்கோவைக் குறைத்தார். அதைச் சலூன்காரர் கேட்டுவிட்டு, கொஞ்சம் எக்கோ இருந்தால்தான் கல்யாணக் களை வரும் என்றார். கூட்டினார். பாலக்கோடு போகும் டவுன் பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் பென்டிரைவைக் கொடுத்துப் பாட்டைப் போடச் சொல்லி, ஒவ்வொரு சீட்டாகப் போய், "எப்பிடிக் கேக்குதுங்க?" என்று விசாரித்தார். அந்தக் கண்டக்டர் மாரண்டஹள்ளிக்காரர், நல்ல மனுஷர், தானும் பாடுகிறவர். தப்பு மேளச் சத்தம் பத்தவில்லை என்றார். திரும்பி வரும் பஸ்ஸிலேயே வந்து அதையும் ஏற்றினார். யார் சொல்லி மாற்றினாரோ அவர் பெயரையே ஃபைலுக்கு வைப்பார். லேப்டாப்பைத் திறந்தால் 'டீ மாஸ்டர்', 'சலூன்', 'கண்டக்டர்', 'கண்டக்டர் ரெண்டாவது தடவை' என்று வரிசையாக நிற்கும். 'தங்கச்சி' என்றும் ஏழெட்டு ஃபைல் உண்டு. அது நான்தான்.

எல்லோரையும் விட என் பேச்சுக்குத்தான் அங்கே மதிப்பு அதிகம். ஏனென்றால் மற்றவர்கள் டீக்கடை ஸ்பீக்கரிலும் பஸ்ஸிலும் போனிலும் கேட்டார்கள், அதிலெல்லாம் ரெண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்துதான் வரும். ஹெட்போன் மாட்டி, உள்ளே உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டது நான் ஒருத்திதான். "ஒங்காது சுத்தமான காதும்மா" என்பார். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஹெட்போன் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒன்று வாங்கினார். ரெண்டு வாரத்தில் அதன் வலது பக்கம் சத்தம் கம்மி என்று திருப்பிக் கொடுத்தார். இன்னொன்று வாங்கினார். அதுவும் வலது பக்கம் கம்மி. மூன்றாவதைத் தர்மபுரிக்கே போய்ப் பார்த்து வாங்கி வந்தார். கடைக்காரர் தன் காதில் மாட்டிப் பார்த்து, ரெண்டு பக்கமும் நன்றாக இருக்கிறது என்றாராம். வீட்டில் வந்து மாட்டினால் வலது பக்கம் மந்தம்.

"ஒரு பக்கத்தையே ஏமாத்தறாம்மா கம்பெனிக்காரன். நீ போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் கணீரென்று கேட்டது. ஆனால் பாட்டுத்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அண்ணியின் குரல் முழுக்க என் வலது காதில் வந்து குத்தியது. இடது பக்கம் தப்பு மட்டும் எங்கோ கேட்டது. பாடுகிறவர் குரலை நடுவில் வைக்க வேண்டும் என்று அந்த வாரம் பார்த்த வீடியோவில் சொன்னதை இவர் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். அவருடைய நடுவும் எங்களுடைய நடுவும் ஒன்றாக இல்லை.

அவர் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், திறந்திருந்த கதவு வழியாகப் பஞ்சு மிஷின் தெரிந்தது. அதற்குப் பஞ்சு கொடுக்கிற இடத்தில் நின்றால் மிஷின் வலது பக்கம் வரும். இருபத்தைந்து வருடமாக அவர் அங்கேதான் நிற்கிறார். கூப்பிட்டால் அவர் எப்போதும் இடது பக்கமாகவே திரும்புவதும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"வலது பக்கம் கொஞ்சம் ஜாஸ்தியோங்கண்ணா?" என்றேன்.

"அப்பிடியா?" உடனே குறைத்தார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

குறைத்தார். ஹெட்போனை வாங்கித் தானும் மாட்டிப் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது. "இதுக்கு மேல கொறச்சா உங்க அண்ணி அந்தப் பக்கம் இல்லாமயே போயிருவாளேம்மா" என்றார். மறுபடியும் என்னிடம் நீட்டினார். "இப்ப எப்பிடிக் கேக்குது? சரியாச் சொல்லு."

சரியாகவே இல்லை. பாதி கூடக் குறையவில்லை.

"இப்ப சரியா இருக்குதுண்ணா" என்றேன்.

கல்யாணத்துக்கு ரெண்டு மாதம் இருந்தது. மகளுக்கு நகை எடுக்க, பத்திரிகை வைக்க என்று அலைந்துகொண்டிருந்த மனுஷனிடம் உன் காது போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? கல்யாணம் முடியட்டும் என்று நினைத்தேன். இதைக் கருணை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்கிற தைரியம் எனக்கில்லை என்பதே நிஜம். அவர் சந்தோஷமாக ஃபைலைச் சேமித்து, அதற்கு 'தங்கச்சி கடைசி' என்று பெயர் வைத்தார்.

நிக்காஹ் பள்ளிவாசலில் காலையிலேயே முடிந்துவிட்டது. மத்தியானம் மண்டபத்தில் விருந்து. மண்டபத்தின் நடுவில் துணித்திரை கட்டி, இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள். மைக்செட்காரர் திரைக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர் பாக்ஸ், அந்தப் பக்கம் ஒன்று என்று ஆள் உயரத்துக்கு வைத்திருந்தார். பாட்டின் வலது பக்கம் முழுக்க எங்கள் பக்கமே வந்து கொட்டப்போகிறது என்று அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. அப்போதாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நான் பெண்கள் பக்கத்தில், மணப்பெண்ணுக்குப் பின்னால், பிரியாணியைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாட்டு ஆரம்பித்தது. எங்கள் பக்கத்து பாக்ஸில் அண்ணியின் குரல் வந்த வேகத்தில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. உச்சத்துக்குப் போகிற இடத்தில் குரல் கிழிந்து கிறீச்சிட்டது. பெண்கள் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டார்கள். மகளுக்கு இந்தப் பாட்டு விஷயம் தெரியாது, அவளுக்கு ஆச்சரியம் காட்டத்தான் ஒரு வருடமாக மறைத்து வைத்திருந்தார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அக்கா, அம்மாவா பாடறாங்க? ஏங்க்கா இப்பிடிக் கத்தறாங்க?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

திரைக்கு அந்தப் பக்கம் பாய் ஒவ்வொரு பந்தியாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. "எப்பிடிக் கேக்குதுங்க? எப்பிடிக் கேக்குது?" ஒரு பெரியவர் பதில் சொன்னார். "பாட்டு எங்க பாய் வருது? தட்டற சத்தம் மட்டுந்தான் வருது."

எங்கள் பக்கத்திலிருந்து நிறுத்துங்கள் என்று குரல் கிளம்பியது. மைக்செட்காரர் சத்தத்தைக் குறைத்தார். ஆண்கள் பக்கம் இருந்த கொஞ்சமும் போனது. பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டார்கள். உன் பாக்ஸில்தான் கோளாறு என்று பாய் அவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் வேறு பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார். ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி கேட்டது. பாய் அந்த மனுஷன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாராம்.

அண்ணிதான் அன்றைக்கு அவரைக் காப்பாற்றினார். கை கழுவும் இடத்தில் தனியாக நின்றிருந்தவரிடம் போய், "ஆம்பளைங்க பக்கம் எங்கொரலு கேக்க வேணாம்னு நான் அப்பவே சொன்னேனில்ல, நீங்க கேக்கல. அல்லா கேட்டுட்டான். போய்ப் பந்தியப் பாருங்க" என்று தள்ளிவிட்டார். அவர் சிரித்துக்கொண்டே போனார். சிரிப்பு உதட்டோடு சரி.

கல்யாணம் கழிந்து நாலு நாள் அவர் அந்த அறைக்குள் போகவில்லை. ஐந்தாம் நாள் நானே போனேன். ஹெட்போனை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

"இதை மாத்திப் போட்டுப் பாருங்கண்ணா. வலது பக்கம் வர்றதை இடது காதுல வெச்சுப் பாருங்க."

ஏன் என்று கேட்காமல் மாட்டினார். சொன்னதைச் செய்வது அவர் பழக்கமாயிற்றே. ஒரு வருடமாக மந்தம் என்று அவர் திட்டிக்கொண்டிருந்த பக்கம் இப்போது கணீரென்று கேட்டிருக்க வேண்டும். கழற்றினார். பழையபடி மாட்டினார். திரும்பவும் மாற்றினார். மூன்று முறை. பிறகு ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு அதைத் தடவிக் கொடுத்தார்.

"கம்பெனிக்காரன் மேல தப்பில்ல" என்றார்.

நான் அழுதேன். அவர் அழவில்லை. "இது உனக்கு எப்பம்மா தெரியும்?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். "ரெண்டு மாசமாத் தெரியுங்கண்ணா."

"சரியா இருக்குதுன்னு சொன்னியே, அன்னைக்கா?"

"ஆமாங்கண்ணா."

அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "இலவம்பஞ்சுல ஒரு கொட்டை தங்கிருச்சுன்னா எனக்குத் தெரியாதும்மா. படுத்தவங்க உறுத்துதுன்னு சொன்னாத்தான் பிரிச்சு எடுப்பேன். படுத்துக்கிட்டே நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்? காது போனது என் நசீபு, தலையெழுத்து. அதுக்கு நீ என்ன பண்ணுவ? நீ சொல்லாம இருந்ததுதான்மா..." என்று நிறுத்திக்கொண்டார். எழுந்து போய் மிஷினைப் போட்டுவிட்டார்.

தர்மபுரியில் காது டாக்டரைப் பார்த்தார். நரம்பு தளர்ந்துவிட்டது, மிஷின் சத்தம்தான் காரணம், இனித் திரும்பாது என்று சொன்னார்களாம். மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு மிஷினைப் போட்டால் தலைக்குள் சூறாவளி வீசுகிறது என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். இடது காதையாவது காப்பாற்றுவோம் என்று அதில் இலவம்பஞ்சை உருட்டி அடைத்துக்கொண்டு வேலை செய்வார். இதையெல்லாம் எனக்கு அண்ணி சொன்னார்.

பாய் என்னோடு பேசாமல் இல்லை. ரம்ஜானுக்குக் கிண்ணம் நிறையப் பாயசம் வந்தது. என் மகனுக்குச் சளி பிடித்தபோது சின்னதாய்ப் புதுத் தலையணை ஒன்று தைத்துக் கொடுத்தார். "என்னம்மா, வியாபாரம் எப்பிடி?" என்று தினமும் விசாரிப்பார். மிக்ஸிங்கையும் அவர் விடவில்லை. ஒரு மாதம் போனதும் அறைக்குள் மறுபடி பாட்டுக் கேட்க ஆரம்பித்தது. டீ மாஸ்டரிடம் கேட்டார், சலூனில் கேட்டார், பஸ்ஸேறிப் போய்க் கேட்டார். என் கடை வாசலைத் தாண்டித்தான் எல்லா இடத்துக்கும் போக வேண்டும். தாண்டிப் போனார். என்னிடம் மட்டும் எப்படிக் கேட்கிறது என்று கேட்கவே இல்லை.

திட்டியிருந்தால் ஆறியிருக்கும். சண்டை போட்டிருந்தால் சமாதானமாகியிருக்கலாம். இது ரெண்டும் இல்லாமல் பாயசம் வந்துகொண்டிருந்தது. நான் சாப்பிட்ட பாயசங்களிலேயே தொண்டையில் இறங்காதது அதுதான்.

ஒரு வருடம் இப்படியே போனது. என் வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்தது. கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்ப முடிவு செய்தோம். கிளம்புவதற்கு ரெண்டு நாள் முன்பு மத்தியானம், சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் ஒரு முறை பாட்டு ஓடி நின்றது. மாரண்டஹள்ளிக் கண்டக்டர் தங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்காகத் தானே எழுதிப் பாடிய பாட்டு. பாய்தான் மிக்ஸ் பண்ணிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். மறுநாள் கொடுத்தாக வேண்டும். திருவிழாவில் கட்டப்போகும் மைக்செட்டுக்கு.

நான் பெட்டியை அப்படியே போட்டுவிட்டுப் போனேன். கதவைத் தட்டவில்லை. உள்ளே போய், "அந்த ஹெட்போனைக் குடுங்கண்ணா" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கொடுக்கலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு கழற்றிக் கொடுத்தார். நான் முதலிலிருந்து கடைசி வரை கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ரெண்டு பச்சைக் கோடுகள் ஏறி இறங்கும், ஒன்று இடது பக்கத்துக்கு, ஒன்று வலது பக்கத்துக்கு. காதை நம்பாமல் அந்தக் கோடுகளைச் சமமாக வைத்து வேலை செய்யக் கற்றிருந்தார். கோடு சமமாகத்தான் இருந்தது. ஆனால் இடது பக்கத்தைப் பம்பைச் சத்தம் நிரப்பியிருந்தது, பாடுகிறவர் குரல் வலது பக்கம் ஒதுங்கிக் கத்தியது. கோட்டுக்கு எது பம்பை, எது குரல் என்று தெரியாது.

"நல்லா இல்லீங்கண்ணா" என்றேன். "வலது பக்கம் கொரலு ரொம்ப ஏறியிருக்குது. இதைத் திருவிழாவுல போட்டா அன்னைக்கு நடந்ததுதான் நடக்கும்."

அவர் அடைத்திருந்த பஞ்சை இடது காதிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மவுஸைப் பிடித்து நகர்த்தினார்.

"இப்ப?"

"இன்னும் இருக்குது. கொறைங்க."

"இப்ப?"

"இன்னும்."

அவர் கை நின்றது. ஹெட்போனை என்னிடமிருந்து வாங்கி ஒரு தரம் மாட்டிப் பார்த்தார். அன்றைக்கு விழுந்த மாதிரியே முகம் விழுந்தது. சரியா இருக்குது என்று அன்றைக்கு மாதிரியே சொல்லிவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. ஹெட்போனை மறுபடி வாங்கி மாட்டிக்கொண்டு, "பாதிதாங்கண்ணா கொறஞ்சிருக்குது. இன்னும் கொறைங்க" என்றேன்.

குறைத்தார். நான் தலையாட்டவில்லை. இன்னும் குறைத்தார். கண்டக்டரின் குரல் என் வலது காதிலிருந்து மெதுவாக நகர்ந்து, நெற்றிக்கு நேராக வந்து நின்றது. பம்பை தன் இடத்தில் ஒழுங்காக முழங்கியது. நான் கையைக் காட்டினேன். அவர் நிறுத்திவிட்டு ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். கண்ணை மூடி முழுப் பாட்டையும் கேட்டார்.

"வலது பக்கம் எனக்கு ஒண்ணுமே கேக்கலம்மா" என்றார்.

"இப்பத்தாங்கண்ணா சரியா இருக்குது" என்றேன்.

அவர் லேப்டாப் பக்கம் திரும்பி, எதையும் தொடாமல் அதை அப்படியே சேமித்துவிட்டு, "அடுத்த பாட்டையும் கேட்டுட்டுப் போம்மா" என்று ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.